நூற்றாண்டு மலர் லேஅவுட்: பேஸ்லைன் கிரிட் போட்டதும் வரிகள் இரட்டிப்பாக விலகுகின்றன

கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை நூற்றாண்டு மலர் ஒன்றின் பக்க வடிவமைப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏ4 அளவு, பக்கத்துக்கு இரண்டு கொலம், இன்டிசைன் மென்பொருளில் செய்கிறேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், 10.5 பொயின்ட்.

இடது கொலத்து வரியும் வலது கொலத்து வரியும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நடுவில் ஓர் உபதலைப்பு வந்தாலே கோணல்மாணலாகிவிடுகிறது. பேஸ்லைன் கிரிட், அதாவது வரிகளின் அடி உட்கார வேண்டிய சம இடைவெளிக் கோடுகள், போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். பந்திக்கான பெனலில் 'அலைன் டு பேஸ்லைன் கிரிட்' பொத்தானை அழுத்தினேன். வரிகளுக்கு நடுவே இன்னொரு வரி எழுதலாம் போல இடைவெளி விழுந்து, நாலு பக்கக் கட்டுரை கிட்டத்தட்ட எட்டுப் பக்கமாகிவிட்டது.

எழுத்தை 10.5இலிருந்து 10க்குக் குறைத்தால் எல்லாம் நெருங்கி வந்துவிடுகிறது. அரைப் பொயின்டுக்கு இவ்வளவு ஆட்டமா? சரி, 10இலேயே விடலாம் என்று பார்த்தால், 'நூற்றாண்டு' என்ற சொல்லில் நூவின் வால் கீழ் வரியில் இருக்கும் 'கீதம்' என்ற சொல்லின் சுழியோடு போய் முட்டுகிறது. என்ன செய்யலாம்?

மாத்தளை சேரன்

கிரிட்டை நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள் தம்பி. மலரை வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளையின் போட்டோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வரி மட்டத்தை அளந்து பார்க்க யாரும் அடிமட்டத்தோடு வரப்போவதில்லை.

ஹட்டன் அச்சு

கொட்டகலைத் தம்பி, கர்சரை அந்தப் பந்திக்குள் வைத்துக்கொண்டு லீடிங் பெட்டியைப் பாருங்கள். லீடிங் என்பது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை உள்ள தூரம். 12.6 என்ற எண் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறி இருந்தால் அது நீங்கள் கொடுத்த எண் இல்லை, இன்டிசைன் தானாகப் போட்டுக்கொண்டது. ஓட்டோ லீடிங் என்பது எழுத்தளவில் 120 சதவீதம். 10.5க்கு 12.6.

இப்போது கிரிட்டைப் பாருங்கள். புது ஃபைல் திறந்தால் 12 பொயின்டுக்கு ஒரு கோடுதான் இருக்கும், நாமாக மாற்றும்வரை அதுதான். இதை பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நிமிடம் ஒரு பஸ், 24ஆம் நிமிடம் அடுத்தது. உங்கள் வரி 12.6க்கு ஸ்டாண்டுக்கு வந்தால் முதல் பஸ் போய்விட்டது, 24 வரைக்கும் நிற்க வேண்டியதுதான். கிரிட்டில் ஒட்டச் சொன்ன பந்தியில் ஒரு வரி மேலே ஏறி ஒட்டாது, எப்போதும் கீழே இறங்கித்தான் ஒட்டும். 10 பொயின்டில் ஓட்டோ லீடிங் சரியாக 12 வருகிறது, அதனால் பஸ் கிடைத்துவிடுகிறது. அந்த அரைப் பொயின்டின் கதை இவ்வளவுதான்.

ஆகவே கிரிட்டுக்காக எழுத்தைச் சுருக்காதீர்கள். முதலில் தமிழுக்கு எவ்வளவு லீடிங் வேண்டும் என்று முடிவெடுங்கள், அப்புறம் அந்த எண்ணையே கிரிட்டுக்குக் கொடுங்கள். பலர் கிரிட்டை முதலில் போட்டுவிட்டு எழுத்தை அதற்குள் அமுக்கப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ஓரளவு தப்பித்துவிடும், தமிழில் தப்பிக்காது. மேலே சுழி விசிறியும் புள்ளியும் ஏறி நிற்க, கீழே கூ, நூ, ழூ எல்லாம் இறங்கி நிற்கின்றன. கோயில் பெயர் வந்தால் 'ஸ்ரீ' வேறு. 120 சதவீதம் நம் எழுத்துக்குப் போதாது.

நான் செய்வது இது. ஒரு சின்னப் பந்தியில் மேல் வரி முழுக்க 'நூல் தூது கூடு ஸ்ரீ' என்றும் கீழ் வரி முழுக்க 'கீரி லீலை நீர் தீ' என்றும் அடித்து, லீடிங்கை 13, 14, 15, 16 என்று மாற்றி ஒரே தாளில் லேசரில் பிரின்ட் எடுப்பேன், நூறு சதவீத அளவில். திரையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, திரையில் எல்லாமே இடைவெளி அதிகம் போலத்தான் தெரியும். நோட்டோ செரிஃப் 10.5க்கு 15 வரும் என்று நினைக்கிறேன். தாளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

15 என்றே வைத்துக்கொண்டு மிச்சக் கணக்கைச் சொல்கிறேன். ஏ4 உயரம் 297 மி.மீ. மேலே 20, கீழே 23 விட்டால் மீதி 254 மி.மீ. அது சரியாகப் பத்து அங்குலம், அதாவது 720 பொயின்ட். 15ஆல் வகுத்தால் 48 வரி, மிச்சம் ஒன்றும் இல்லை. மார்ஜினை இப்படி வரிக் கணக்கில் வைக்காவிட்டால் பக்கத்தின் அடியில் அரை வரி தொங்கிக்கொண்டு நிற்கும், அதை மறைக்க ஒவ்வொரு பக்கமும் ஃப்ரேமை, அதாவது எழுத்து நிற்கும் பெட்டியை, இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

எடிட் மெனு, பிரிஃபரன்சஸ், கிரிட்ஸ். மேக் என்றால் எடிட்டில் இல்லை, இன்டிசைன் மெனுவில் இருக்கும். பேஸ்லைன் கிரிட் பகுதியில் 'ரிலேட்டிவ் டு' என்பதை டொப் மார்ஜின் ஆக்குங்கள், ஸ்டார்ட் 0, இன்கிரிமென்ட் 15 பொயின்ட். அளவுகோல் மி.மீ.இல் இருந்தாலும் '15pt' என்று அடித்தால் ஏற்றுக்கொள்ளும், அதுவே மாற்றிக்கொள்ளும். அப்புறம் பந்தி ஸ்டைலில் லீடிங்கைக் கையால் 15 என்று போடுங்கள். ஓட்டோவில் விடவே கூடாது.

கொட்டகலைக்காரன்

அண்ணே, அடைப்புக்குறிக்குள் 12.6, அப்படியே இருந்தது! 15 போட்டதும் வரி ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. தாளில் எடுத்தும் பார்த்தேன், 14இல் 'ஸ்ரீ'யும் 'லீ'யும் உரசுகின்றன, 15இல் இல்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, கிரிட் கோடுகள் எனக்குத் திரையில் தெரியவே இல்லை. மற்றது, முதல் வரி சில பக்கத்தில் மார்ஜினுக்குக் கீழே ஒரு வரி இறங்கித் தொடங்குகிறது, சில பக்கத்தில் ஒழுங்காகத் தொடங்குகிறது.

கண்டி வடிவமைப்பு

கோடு தெரியாததற்கு நான் சொல்கிறேன். பக்கத்தை முழுதாகப் பார்க்கும் அளவில் வைத்திருப்பீர்கள். அதே பிரிஃபரன்சஸில் 'வியூ த்ரெஷோல்ட்' 75 சதவீதம் என்று இருக்கும், ஜூம் அதற்குக் கீழே போனால் கோடு மறைந்துவிடும். 50 ஆக்குங்கள். வியூ மெனுவில் 'ஷோ பேஸ்லைன் கிரிட்' போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், ஒற்றை மேற்கோள் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும், போகும். பிரிவியூ நிலையில் இருந்தால் எதைச் செய்தாலும் வராது.

முதல் வரி இறங்குவது ஃப்ரேம் விஷயம். ஃப்ரேமைத் தெரிவு செய்து கன்ட்ரோலும் பியும் (B) அழுத்துங்கள், 'பேஸ்லைன் ஒப்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே முதல் வரி 'அஸென்ட்' என்று இருந்தால், முதல் வரி எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுத்துருவின் உள் அளவு தீர்மானிக்கும். ஒவ்வோர் எழுத்துருவும் தலைக்கு மேல் எவ்வளவு இடம் எடுக்கிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. சில கட்டுரைக்கு நீங்கள் வேறு எழுத்துரு போட்டிருப்பீர்கள், அதன் அஸென்ட் 15ஐத் தாண்டியிருந்தால் முதல் கோட்டைத் தவறவிட்டு இரண்டாவதில் உட்காரும். 'லீடிங்' என்று மாற்றுங்கள். எந்த எழுத்துருவாக இருந்தாலும் முதல் வரி மார்ஜினிலிருந்து சரியாக 15இல் நிற்கும். ஒவ்வொரு ஃப்ரேமாகச் செய்ய வேண்டாம், ஒப்ஜெக்ட் ஸ்டைலில் போட்டுவிடுங்கள்.

கொட்டகலைக்காரன்

அதேதான் அக்கா. தலைப்பு எல்லாம் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த அந்தப் பழைய எழுத்துரு. உள்ளே யூனிகோட். பழைய மாணவர்கள் சிலர் கட்டுரையையும் பாமினியில்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஹட்டன் அச்சு

பாமினியில் வந்ததை எல்லாம் முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. மாற்றியதும் கௌரவம், மௌனம், பௌர்ணமி மாதிரிச் சொற்களை ஒரு தரம் தேடிப் பாருங்கள், ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் வந்து நிற்பது வழக்கம். பாமினியில் அப்படியே விட்டால் மென்பொருள் அதை ஆங்கிலம் என்றுதான் நினைக்கும். ஹைஃபன் போட்டுச் சொல்லை வாய்க்கு வந்த இடத்தில் வெட்டும். எங்கள் பக்கத்து அச்சகங்களில் பாமினியும் பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் மென்பொருளும் இன்னும் ஓடுவதை நானே பார்க்கிறேன், பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்குப் பிறகு எட்டாம் பதிப்பு என்று ஒன்று வரவே இல்லை. பழகிய கை விடாது, அது சரிதான். ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்தால் மட்டம் பிடிக்க முடியாது.

யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்பு இடம் மாறி நின்றால், பந்தி பெனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கொம்போசர்' தெரிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அதுதான் வேண்டும்.

மாத்தளை சேரன்

> ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்தால் மட்டம் பிடிக்க முடியாது

நான் இன்னும் கேட்கிறேன், மட்டம் பிடித்து என்ன ஆகப்போகிறது? நான் திருவிழா மலர் பல செய்திருக்கிறேன். மாசி மகத் தேருக்கு முன்னால் கொடுத்தே ஆக வேண்டும், கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் கிரிட் பார்த்துக்கொண்டிருந்தால் தேர் வீதியைச் சுற்றி முடிந்து வந்துவிடும்.

ஹட்டன் அச்சு

சேரன், ஒற்றைக் கொலத்தில் ஒரு பக்க நோட்டீஸ் என்றால் நானும் கிரிட் போடமாட்டேன். இரண்டு கொலம் என்றதும் கதை வேறு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வரி ஒரு மி.மீ. ஏறி இறங்கினாலும் கண் பிடித்துவிடும். என்ன தவறு என்று வாசகருக்குச் சொல்லத் தெரியாது, 'என்னவோ கோணலாக இருக்கிறது' என்பார்.

பெரிய காரணம் இன்னொன்று. இந்த மலர்கள் பாதி 70 கிராம் தாளில் அடிக்கப்படுகின்றன. அந்தத் தாளில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாடும். இரண்டு பக்கமும் ஒரே கிரிட்டில் இருந்தால் பின்வரி முன்வரியின் முதுகிலேயே விழும், வரிகளுக்கு இடையிலான வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இல்லாவிட்டால் அந்த வெள்ளையில் பின்பக்கத்து வரி சாம்பல் நிறத்தில் ஓடும். உங்கள் பழைய மலர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் இதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வரிக்கு வரி ஒரே கனத்தில் ஈயத் தகடு வைப்பார்கள், தலைப்புக்கு மேலும் கீழும் அதே தகடுகளைத்தான் எண்ணி வைப்பார்கள், அதனால் மட்டம் தானாக வரும். கம்ப்யூட்டர் வந்துதான் 12.6, 13.27 என்று எண்களைப் போட ஆரம்பித்தோம்.

நுவரெலியா குளிர்

ஹட்டன் அண்ணே, நீங்கள் சொல்வது கொழும்புக்குச் சரி. இங்கே 1868 மீட்டரில் மூடுபனிக்குள் பிரித்து வைத்த தாள் மறுநாள் அலை அலையாக நெளிகிறது. இன்றைக்கு முன்பக்கம், நாளைக்குப் பின்பக்கம் என்று அடித்தால் தாளே நீண்டிருக்கும். அப்புறம் எந்த வரி எந்த முதுகில் விழும்?

ஹட்டன் அச்சு

கேள்வி நியாயம்தான். ஹட்டனில் மட்டும் வெயிலா கொளுத்துகிறது? தாள் ஈரம் குடித்தால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் நீளும். ஆனால் 15 பொயின்ட் என்பது 5.3 மி.மீ. தாள் நீண்டு, பிடிமானமும் கொஞ்சம் தவறி, ஒரு மி.மீ. விலகினால்கூடப் பின்வரி பெரும்பாலும் முன்வரியின் மேல்தான் நிற்கும். கிரிட்டே இல்லாவிட்டால் அந்த ஒரு மி.மீ. பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை, ஏற்கெனவே எல்லாம் எங்கெங்கோதான் இருக்கும்.

தாளை உறையிலிருந்து கடைசி நேரத்தில் பிரியுங்கள். அடித்துப் பாதியில் நிறுத்தினால் மிச்சத்தைத் திரும்பச் சுற்றி வையுங்கள். லேசரில் அடிப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்: முதல் பக்கத்தின் சூட்டில் தாள் காய்ந்து சுருங்கிவிடும், இரண்டாம் பக்கம் கொஞ்சம் பெரிதாக அடித்தது போல விழும்.

பதுளை டீச்சர்

எல்லோரும் இன்டிசைன் என்கிறீர்கள். சந்தா கட்ட வசதி இல்லாத பாடசாலைகளும் உண்டு. நான் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில்தான் மாணவர் சஞ்சிகை செய்கிறேன், அதிலும் பேஸ்லைன் கிரிட் இருக்கிறது. ஃபைல் மெனுவில் டொகியுமென்ட் செட்டப், அதில் கைட்ஸ். எடுத்த எடுப்பில் 14.4 பொயின்ட் இருக்கும். அப்புறம் பந்தி ஸ்டைலில் வரி இடைவெளிக்கு மூன்று வகை வரும்: ஃபிக்ஸ்ட், ஓட்டோமெட்டிக், அலைன் டு பேஸ்லைன் கிரிட். மூன்றாவதைத் தெரிவு செய்தால் வரி கிரிட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றை மறக்க வேண்டாம், 1.4 வரிசைப் பதிப்பில் தமிழ் உடைந்து வரும். 1.5.3இலிருந்துதான் கொம்பும் விசிறியும் ஒழுங்காகச் சேர்கின்றன. இப்போது புதிதாகப் போடுபவர்கள் 1.6ஐப் போடுங்கள்.

எனக்கும் ஒரு சிக்கல். இங்கே 'டொப் மார்ஜினிலிருந்து தொடங்கு' என்று சொல்ல வழி காணவில்லை. கிரிட் தொடங்கும் தூரத்துக்கு ஒஃப்செட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அது தாளின் உச்சியிலிருந்துதான் கணக்கு. என் மேல் மார்ஜின் 20 மி.மீ. ஒஃப்செட் எவ்வளவு போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்டி வடிவமைப்பு

டீச்சர், 20 மி.மீ. என்பது 56.69 பொயின்ட். முதல் வரி அதற்குக் கீழே 15இல், அதாவது 71.69இல் நிற்க வேண்டும். அதிலிருந்து 15, 15ஆகக் கழித்துக்கொண்டே வந்தால் 11.69. அதைத்தான் ஒஃப்செட்டாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் மேல் மார்ஜினை 60 பொயின்ட் ஆக்குங்கள், 15ஆல் மிச்சமின்றி வகுபடும், ஒஃப்செட் 0 என்றே இருக்கட்டும். மி.மீ.இல் 21.17 என்று அசிங்கமாகத் தெரியும், தெரிந்தால் என்ன? உள்ளே 48 வரி, அடியில் 61.89 பொயின்ட் மிஞ்சும். மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவு.

பதுளை டீச்சர்

நன்றி பிள்ளை. 60 பொயின்ட்தான் எனக்குச் சரி.

கொட்டகலைக்காரன்

எனக்கு இப்போது வாழ்த்துச் செய்திகள் வந்து குவிகின்றன. இருபதுக்கு மேல். மதகுரு, வலயக் கல்விப் பணிப்பாளர், பிரதேச செயலாளர், பழைய அதிபர்கள், அரசியல்வாதிகள். ஒருவர் ஐந்து வரி எழுதியிருக்கிறார், இன்னொருவர் இரண்டு பக்கத்துக்கு. ஆளுக்கு ஒரு பக்கம், மேலே படம், கீழே கையொப்பம் என்று அதிபர் சொல்லிவிட்டார். இரண்டு பக்கக்காரரை ஒரு பக்கத்துக்குள் கொண்டுவர லீடிங்கைக் குறைத்தால் கிரிட் விடமாட்டேன் என்கிறது. போதாததற்குப் பாதி சிங்களத்தில், இரண்டு மூன்று ஆங்கிலத்தில்.

மாத்தளை சேரன்

இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். 😀 வாழ்த்துச் செய்திப் பகுதியில் கிரிட் போடுகிறவன் பிழைக்க மாட்டான்.

கண்டி வடிவமைப்பு

சேரன் அண்ணா சொல்வது இந்த ஒரு பகுதிக்குச் சரி, முழு மலருக்கும் இல்லை. வாழ்த்துச் செய்திகள் மலரின் முன்னால் தனியாக நிற்பவை, பக்கத்துக்கு ஒரு கொலம். அங்கே வேறு கிரிட் வைத்துக்கொள்ளலாம். ஃப்ரேமின் பேஸ்லைன் ஒப்ஷன்ஸில் 'யூஸ் கஸ்டம் பேஸ்லைன் கிரிட்' என்று இருக்கிறது. அந்த ஃப்ரேமுக்கு மட்டும் இன்கிரிமென்ட் 14 கொடுத்து, அதற்கென்று தனி பந்தி ஸ்டைல், லீடிங் 14, வரிகள் உரசாத அளவுக்கு எழுத்தையும் கொஞ்சம் குறைத்து. எல்லா வாழ்த்துக்கும் அதே 14. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடைவெளி கொடுக்க ஆரம்பித்தால், ஒருவருக்குத் தாராளம், இன்னொருவருக்கு நெருக்கம் என்று பக்கம் புரட்டும்போதே தெரியும். நம் ஊரில் அது அரசியலாகவும் மாறும்.

ஐந்து வரிக்காரருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். அடியில் வெள்ளை இருக்கட்டும், கையொப்பத்தை எல்லாப் பக்கத்திலும் ஒரே வரியில், உதாரணமாக நாற்பதாவது வரியில், நிறுத்துங்கள். இரண்டு பக்கக்காரரின் செய்தியைச் சுருக்கித் தரும்படி அதிபர் மூலமாகக் கேளுங்கள். லேஅவுட் செய்பவர் கேட்டால் நடக்காது.

மும்மொழிக்கு வருகிறேன். சிங்களத்திலும் மேலே இஸ்பில்ல, கீழே பாபில்ல என்ற உயிர்க்குறிகள் உண்டு, தமிழைவிட நெருக்கமாக அடுக்கி நிற்கும். தமிழுக்குப் போதுமான லீடிங் சிங்களத்துக்குப் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணா மேலே சொன்ன சோதனைத் தாளைச் சிங்களத்துக்கும் எடுங்கள். மூன்று மொழிக்கும் மூன்று பந்தி ஸ்டைல், மூன்றிலும் லீடிங் ஒன்று, எழுத்தளவு மட்டும் வேறு. நான் பார்வைக்குச் சமமாக வரும்வரை எழுத்தளவைக் கூட்டிக் குறைப்பேன். ஒரே அளவு எண் போட்டால் ஒரே பெரிதாகத் தெரியும் என்று நம்பக் கூடாது.

மூன்று கொலத்தில் மூன்று மொழி வைத்து அறிவித்தல் செய்தபோது பார்த்திருக்கிறேன், வரிகள் மட்டமாக நிற்கும், ஆனால் பந்திகள் ஒரே இடத்தில் தொடங்காது. தமிழ்தான் நீண்டுகொண்டு போகும். பந்திகளும் நேராக நிற்க வேண்டும் என்றால் ஒவ்வொரு பந்தியையும் அட்டவணையின் ஒரு வரிசையில் வைக்க வேண்டும், கிரிட்டால் அது முடியாது.

கொட்டகலைக்காரன்

நாற்பதாவது வரியில் கையொப்பம், நல்ல யோசனை அக்கா. அதிபரிடமும் பேசினேன், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார்.

உபதலைப்புப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். உபதலைப்பு 14 பொயின்ட், கட்டுரைத் தலைப்பு 24. இவற்றையும் கிரிட்டில் ஒட்டவா? படக்குறிப்பு 9 பொயின்ட், அதையுமா?

ஹட்டன் அச்சு

கட்டுரை வரி மட்டும் கிரிட்டில் ஒட்டினால் போதும். மற்றவை 15இன் மடங்கில் இடம் எடுத்தால் சரி. கட்டுரைத் தலைப்பு 24க்கு லீடிங் 30, அதாவது இரண்டு வரி. தலைப்பு இரண்டு வரிக்கு ஓடினால் நான்கு வரி இடம். தமிழில் பெரிய எழுத்துக்கு 30 ஒன்றும் தாராளம் இல்லை, முட்டாமல் நிற்கும்.

உபதலைப்புக்கு நான் வைக்கும் கணக்கு: லீடிங் 18, மேலே 9, கீழே 3. கூட்டினால் 30. கீழே குறைவாக இருப்பதால் உபதலைப்பு தன் பந்தியோடு சேர்ந்து நிற்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். உபதலைப்பையும் கிரிட்டில் ஒட்டச் சொல்லிவிட்டு மேலே 9 கொடுப்பார்கள். அது அடுத்த கோட்டுக்குத் தாவும், 9 என்று கொடுத்தது 9ஆக இருக்காது, தலைப்பு இரண்டு பந்திக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும். உபதலைப்பின் ஒட்டலை எடுத்துவிடுங்கள்.

படக்குறிப்பு 9க்கு லீடிங் 11.25 வைத்தால் நான்கு வரி குறிப்பு மூன்று வரி கட்டுரைக்குச் சமம், 45க்கு 45. தமிழில் 9க்கு 11.25 நெருக்கம்தான். இரண்டு வரிக்கு மேல் போகாத குறிப்பு என்றால் கிரிட்டை மறந்து 13 கொடுங்கள். படத்தின் அடி ஒரு வரியின் பேஸ்லைனில் உட்காரட்டும். படத்தின் உச்சியைக் கிரிட் கோட்டில் வைக்காதீர்கள், பக்கத்து வரியின் க, த இவற்றின் மேற்கோடு எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்தில் வையுங்கள். கிரிட் கோட்டில் வைத்தால் படம் பக்கத்து எழுத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும்.

கண்டி வடிவமைப்பு

இதில் எனக்கு வேறு கருத்து. நான் கிரிட்டையே 5 பொயின்ட் ஆக்கிவிடுவேன். கட்டுரை 15, குறிப்பு 10 அல்லது 15, தலைப்பு 30, எல்லாமே ஒட்டும், படமும் எங்கும் உட்காரும்.

ஹட்டன் அச்சு

ஒட்டும் பிள்ளை, ஆனால் எந்தக் கோட்டில் ஒட்டும்? இடது கொலம் முதல் கோட்டிலும் வலது கொலம் இரண்டாம் கோட்டிலும் தொடங்கினால் 5 பொயின்ட் விலகல் கடைசிவரை அப்படியே ஓடும், இன்டிசைன் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். உங்கள் கைக்கு அது சரிப்படும், ஏனென்றால் எண்ணி வைப்பீர்கள். முதல் மலர் செய்யும் தம்பிக்கு 15தான் நல்லது.

கண்டி வடிவமைப்பு

அது சரி. நானும் இரண்டு கொலத்தில் எண்ணித்தான் வைக்கிறேன்.

கொட்டகலைக்காரன்

இன்னும் ஒரு இடம் மட்டும் அடங்கவில்லை. பழைய அதிபர் ஒருவரின் கட்டுரையில் நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் கீழே குதிக்கிறது. பந்தி முழுக்க லீடிங் 15 என்றுதான் காட்டுகிறது.

பதுளை டீச்சர்

வேர்டிலிருந்து ஒட்டிய கட்டுரையா?

கொட்டகலைக்காரன்

ஆமாம் டீச்சர்.

கண்டி வடிவமைப்பு

அந்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தனியாகத் தெரிவு செய்து பாருங்கள். இன்டிசைனில் லீடிங் பந்தியின் குணம் இல்லை, எழுத்தின் குணம். ஒரு வரியில் எது பெரிதோ அதுதான் அந்த வரிக்கு வேலை செய்யும். ஒரு சொல், சில நேரம் சொல்லுக்குப் பின்னால் வரும் வெறும் இடைவெளி, பழைய அளவோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வேர்டில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்தது, 14 பொயின்டில் ஓட்டோ லீடிங்கோடு வந்திருந்தால் 16.8, ஒரு கோடு தாவிவிடும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் 'அப்ளை லீடிங் டு என்டயர் பரகிராஃப்' என்பதை இட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது இனிமேல் செய்யும் மாற்றங்களுக்குத்தான். ஏற்கெனவே வந்ததைச் சுத்தம் செய்ய, பந்தியைத் தெரிவு செய்து ஸ்டைல் பெயரை ஆல்ட் அழுத்திக்கொண்டு கிளிக் செய்யுங்கள். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாம் போய்விடும், அதைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கொட்டகலைக்காரன்

அகப்பட்டது. 'தலவாக்கலை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி, 14 பொயின்டில். கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துக்கு ஒரு வரி போயிருக்கிறது.

கடைசியாக, மாணவர் கவிதைப் பக்கங்கள். கவிதைக்கு நடுவில் ஒரு வரி முழுக்க விட்டால் அதிகமாகத் தெரிகிறது.

ஹட்டன் அச்சு

கவிதைக்குக் கிரிட் ஒட்டலை எடுத்துவிட்டு லீடிங்கை மட்டும் 15இலேயே வையுங்கள். கண்ணிக்குக் கண்ணி அரை வரி, 7.5 பொயின்ட். இப்படி இரண்டு இடைவெளி வந்தால் மறுபடி கிரிட்டுக்கே வந்துவிடும், ஒற்றைப்படையில் முடிந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும், பரவாயில்லை. கவிதையும் கட்டுரையும் பக்கம் பக்கமாக ஒரே தாளில் வருகிறதென்றால் மட்டும் முழு வரி விடுங்கள்.

மாத்தளை சேரன்

சரி, தோற்றேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் பழைய திருவிழா மலரை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஹட்டன்காரர் சொன்ன சாம்பல் வரி இருக்கிறது. ஒரு கேள்வி: இந்தக் கிரிட் கோடு பிரின்டில் விழுமா? பிடிஎஃப் எடுக்கும் முன்னால் அணைக்க வேண்டுமா?

கண்டி வடிவமைப்பு

விழாது அண்ணா. அணைக்கத் தேவையில்லை.